பஞ்சாயத்துக் கணினிக்கு ஏற்ற ஒலிக்கருவிகள்

தர்மபுரி மாவட்டத்தில் நூலகத்திலோ சேவை மையத்திலோ கணினி வைத்திருக்கும் பஞ்சாயத்துக்கள் பல. படம் தெளிவாகத் தெரிகிறது. பேச்சுத்தான் விளங்குவதில்லை என்பது அங்கே அடிக்கடி எழும் குறை. இதனைச் சிறு குறையெனத் தள்ளிவிடலாகாது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்தில் எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்கு ஏறக்குறைய 68.5 பேரே, மாநிலத்தில் அதுவே மிகக் குறைந்த அளவு. ஏட்டைப் படிக்க இயலாதவர் செவி வழியே அறிவு பெறுகின்றனர். வேளாண்மைப் பல்கலைக் கழகத்தின் பயிர்ப் பாதுகாப்பு விளக்கப் படமாயினும், மாணவர்க்கான பாடமாயினும், சொல் தெளிவாகக் கேட்டாலன்றிப் பயனில்லை.

முற்காலத்தில் பஞ்சாயத்து ரேடியோவின் ஒலியைக் கூம்புக் குழாய் ஊர்ப் பொதுவிடமெங்கும் பரப்பிற்று. கணினியோடு இணைக்கும் சிறு ஸ்பீக்கர் அவ்வேலைக்கு உரியதன்று. அஃது ஓர் அறையில் பத்துப் பேர் அமர்ந்து கேட்பதற்கு. தனியே ஒருவர் பாடம் கேட்பதற்கு ஹெட்போன். கிராம சபைக் கூட்டத்துக்கு இவ்விரண்டும் உதவா; அதற்கு மைக் செட்டே வேண்டும். இந்த வரையறையை மனத்தில் இருத்திக்கொண்டு கடைக்குச் செல்வோர் வீண் செலவு செய்யார்.

கடையில் முதலில் கண்ணில் படுவது, பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் வாட் கணக்கு. ‘1,000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று போட்டிருக்கும். இது கணநேர உச்சத்தை ஏட்டளவில் பெருக்கிக் காட்டும் எண். இதற்கு ஒழுங்கான அளவுமுறை கிடையாது. கணினியின் சாதாரண யு.எஸ்.பி. துளையிலிருந்து கிடைப்பது 5 வோல்ட்டில் அரை ஆம்பியர், அதாவது இரண்டரை வாட் மின்சாரமே. அதனால் மட்டுமே இயங்கும் ஸ்பீக்கர் ஆயிரம் வாட் ஒலியை எங்கிருந்து கொண்டுவரும்? ‘ஆர்.எம்.எஸ்.’ என்று குறித்த வாட் அளவையே கேட்க வேண்டும். அறைக்கு ஒவ்வொரு பெட்டியும் இரண்டு மூன்று வாட் இருந்தால் போதும். கொம்பில் பூசிய வண்ணத்தைப் பார்த்து மாட்டுக்கு விலை பேசும் விவசாயி இல்லை. பல்லைப் பிடித்துப் பார்த்தே பேசுகிறார்.

இரண்டாவது மயக்கம், தும்தும் என அதிரும் அடித்தொனி. சினிமாப் பாட்டுக்கு அது இன்பம் தரலாம். பேச்சுக்கு அது பகை. ஒரு சொல்லினின்று மற்றொரு சொல்லைப் பிரித்தறியச் செய்யும் நுண்ணொலிகளிற் பெரும்பகுதி வினாடிக்கு 2,000 முதல் 4,000 அதிர்வுகள் வரையிலான மேல்தொனியில் அமைந்துள்ளது. அடித்தொனி மிகுந்தால் அவை அமுங்கிவிடும். ‘இருபது மில்லி’ என்று கூறியது ‘அறுபது மில்லி’ என்று காதில் விழுந்தால், தக்காளித் தோட்டத்தில் தெளிக்கும் மருந்து மும்மடங்காகிவிடும். பயிருக்கும் கேடு, பணத்துக்கும் கேடு.

ஆகவே, பெண் ஒருவர் பேசும் விவசாய உரை ஒன்றைக் கைப்பேசியில் பதிந்து எடுத்துச் சென்று, கடையில் அதனையே ஒலிக்கச் செய்க. பாட்டு வேண்டாம், பாட்டில் எந்தக் கருவியும் நன்றாகவே தோன்றும். ஏழெட்டு அடி தள்ளி நின்று எண்களெல்லாம் பிசகின்றிக் கேட்கின்றனவா என்று கவனிக்க வேண்டும். பின்னர் ஒலியை முழுமையாகக் கூட்டிக் கரகரப்பு எழுகிறதா என்று பார்க்க வேண்டும். வாங்கி வந்த பின் அலமாரிக்குள்ளோ சுவர் மூலையிலோ வைத்துவிட்டால் நல்ல ஸ்பீக்கரும் குழறும். மேசை விளிம்பில், கேட்போர் செவியை நோக்கி இருத்துக.

ஹெட்போன் பலர் மாறி மாறி அணிவதாகையால், காதுக்குள் செருகும் வகை பொது இடத்துக்கு ஆகாது. காதை வெளியே மூடும் வகையும், ஈரத்துணியால் துடைக்கத்தக்க மெத்தையும் வேண்டும்; வெறும் பஞ்சுமெத்தை சித்திரை வெயிலில் வியர்வையை உறிஞ்சி நாறும். கம்பியில்லா வகையின் பேட்டரி நாளடைவில் வலுவிழக்கும், விலையும் அதிகம். கம்பி வகையே பஞ்சாயத்துக்கு உகந்தது. ஒற்றைச் செருகியா, ஒலிக்கும் மைக்குக்கும் தனித்தனிச் செருகியா என்பதைத் தம் கணினியின் துளைகளைப் பார்த்துவிட்டு வாங்குதல் நலம். மின்தடை 32 ஓம் அளவில் இருப்பது கணினிக்குப் பொருந்தும்.

சிறுவர் செவியைப் பற்றியும் ஒரு சொல். வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதாயின் பெரியவர்க்கு 80, சிறுவர்க்கு 75 டெசிபெல்லுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கை நீளத் தூரத்தில் நின்று சாதாரணமாகப் பேசுவது ஹெட்போன் அணிந்தவருக்குச் சற்றும் கேட்கவில்லையெனில், ஒலியைக் குறைக்க வேண்டுமென்று நூலகர் அறிந்துகொள்ளலாம்.

சுவர் மின்சாரத்தில் இயங்கும் ஸ்பீக்கராயின், அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு எண் உள்ளதா என்று காண்பது அவசியம். ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இரண்டு ஹெட்போன்களும் மூவாயிரம் ரூபாய்க்குள் அடங்கக்கூடியவை. ரசீதில் மாடல் பெயரையும் உத்தரவாதக் காலத்தையும் எழுதி வாங்கி, இருப்புப் பதிவேட்டில் சேர்த்துவிட வேண்டும். ஹெட்போன் கம்பியை இறுகச் சுற்றி முடிச்சிடாமல், அகன்ற வளையமாகச் சுவராணியில் தொங்கவிடுக; அது பெரும்பாலும் அறுவது செருகியின் கழுத்தில்தான்.