கறுப்பு கவுனைக் கழற்றுவது யார்?

1994 மார்ச் 9. அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் ஒரு சாதாரணக் கடன் வசூல் வழக்கு. விசாரித்த நீதிபதி கேஷோட், எந்தச் சட்டத்தின் கீழ் இது வருகிறது என்று மூத்த வழக்கறிஞரைக் கேட்டார். கேட்டதுதான் தாமதம், வழக்கறிஞருக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்துவிட்டது. என்னிடமா கேள்வி கேட்பது என்று கத்தினார். உங்களை இடமாற்றம் செய்ய வைப்பேன், நாடாளுமன்றத்தில் பதவி நீக்கத் தீர்மானமே கொண்டுவர வைப்பேன் என்றும் மிரட்டினார். நடந்ததை நீதிபதி இப்படித்தான் கடிதமாக எழுதி மேலே அனுப்பினார். கத்தியவர் வினய் சந்திர மிஸ்ரா. இந்தியாவின் அத்தனை வழக்கறிஞர்களின் ஒழுக்கத்துக்கும் பொறுப்பான இந்திய பார் கவுன்சிலுக்கு அப்போது அவர்தான் தலைவர்!

உச்ச நீதிமன்றம் சும்மா விடவில்லை. நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்துக்காக 1995 மார்ச் 10 அன்று ஆறு வாரச் சிறைத் தண்டனை விதித்து, அதை நிறுத்தியும் வைத்தது. கூடவே மூன்று ஆண்டுகளுக்கு அவர் வழக்காடக் கூடாது என்றது. நியாயம்தானே என்று நமக்குத் தோன்றும். ஆனால் 1998 ஏப்ரல் 17 அன்று அதே உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அந்த மூன்றாண்டுத் தடை தவறு என்று தீர்ப்பளித்தது. அவமதிப்புக்காக ஒரு வழக்கறிஞரை நீதிமன்றம் சிறைக்கு அனுப்பலாம். அவருடைய தொழில் உரிமத்தில் கை வைக்க முடியாது. அந்த அதிகாரம் பார் கவுன்சிலுக்கு உரியது. (தடை விதித்த நாளிலிருந்து எண்ணினால் அந்த மூன்றாண்டு அதற்குள் முடிந்துபோயிருந்தது என்பது தனிக்கதை.)

தூக்குத் தண்டனை வரை விதிக்கக்கூடிய ஒரு நீதிபதி, தன் எதிரே நிற்கும் வழக்கறிஞரின் சன்னதை, அதாவது தொழில் உரிமத்தை, தன் பேனாவால் ரத்து செய்ய முடியாது. இது ஏன் இப்படி?

பழைய கதை ஒன்று இதற்கு உதவும். வெள்ளையர் காலத்தில் சன்னது நீதிமன்றத்தின் கையில் இருந்தது. கொடுப்பதும் அவர்களே, பறிப்பதும் அவர்களே. 1908-இல் ராஜ துரோகக் குற்றத்துக்காகச் சிறை சென்ற வ.உ.சிதம்பரனார் தம் பிளீடர் சன்னதை இழந்தார். 1912 இறுதியில் விடுதலையாகி வந்த பிறகு, படித்த தொழிலைச் செய்ய வழியின்றி, குடும்பத்தைக் காப்பாற்ற அவர் பட்ட பாடு தமிழர்களுக்குத் தெரியும். பல ஆண்டுகள் கழித்து வாலஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. அந்த நன்றியில் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். நெகிழ வைக்கும் செய்திதான். ஆனால் யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் உறுத்தவும் செய்கிறது: ஒரு மனிதனின் பிழைப்பு இன்னொரு மனிதனின் நல்ல மனத்தில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. காந்திக்கும் இதே கதிதான். ராஜ துரோகத் தண்டனைக்குப் பிறகு, 1922 நவம்பரில் லண்டனின் இன்னர் டெம்பிள் பாரிஸ்டர் சங்கம் அவர் பெயரைத் தன் பட்டியலிலிருந்து அடித்தது. மறுபடி சேர்த்தது 1988-இல். காந்தி இறந்து நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

அரசை எதிர்த்து வாதாட வேண்டியவரின் சோறு அரசின் கையிலோ நீதிபதியின் கையிலோ இருந்தால் வாதம் எப்படி நிமிர்ந்து நிற்கும்? 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் அந்த அதிகாரத்தை, வழக்கறிஞர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் பார் கவுன்சில்களிடம் கொடுத்தது. நமக்கு அது தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில்.

சட்டத்தின் 35-வது பிரிவுதான் இதில் உயிர்நாடி. புகார் வந்தால் கவுன்சில் முதலில் அதில் விஷயம் இருக்கிறதா என்று பார்க்கும். இருக்கிறது என்று நம்பினால் மூவர் கொண்ட ஒழுங்கு நடவடிக்கைக் குழுவுக்கு அனுப்பும். இருவர் கவுன்சில் உறுப்பினர்கள். மூன்றாமவர் கவுன்சிலுக்கு வெளியே இருக்கும் அனுபவமுள்ள வழக்கறிஞர். சாட்சிகளுக்குச் சம்மன் அனுப்புவது, ஆவணங்களை வரவழைப்பது என்று சிவில் நீதிமன்றத்தின் அதிகாரங்கள் இந்தக் குழுவுக்கு உண்டு. அரசுத் தலைமை வழக்கறிஞருக்கும் தகவல் கொடுத்து அவர் தரப்பைக் கேட்க வேண்டும். விசாரணை முடிவில் புகாரைத் தள்ளலாம், கண்டிக்கலாம், குறிப்பிட்ட காலம் தொழில் செய்யத் தடை விதிக்கலாம், அல்லது பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம்.

புகார் கொடுத்தவர் பின்னால் சமாதானமாகி, 'வேண்டாம் சார், விட்டுவிடுங்கள்' என்று எழுதிக் கொடுத்தாலும் அந்தக் காரணத்துக்காக மட்டும் விசாரணையைக் கைவிடக் கூடாது என்கின்றன பார் கவுன்சில் விதிகள். காசு கொடுத்து வாயடைத்துவிட்டால் கதை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு இது பெரிய ஏமாற்றம்.

எது முறைகேடு என்று சட்டம் வரையறுக்கவில்லை. 'தொழில் சார்ந்த அல்லது பிற முறைகேடு' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொண்டது. விதிகளில் கொஞ்சம் விவரம் உண்டு: விளம்பரம் செய்யக் கூடாது, வழக்கில் கிடைப்பதில் பங்கு என்று கட்டணம் பேசக் கூடாது, தாம் நடத்திய வழக்கில் ஏலத்துக்கு வரும் சொத்தைத் தாமே எடுக்கக் கூடாது. மற்றதெல்லாம் வழக்குகள் வழியாகத் தெளிவானவை.

பம்பாயில் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வாசலில் சில வழக்கறிஞர்கள் காத்திருப்பார்களாம். வழக்கோடு யாராவது படியேறினால் பாய்ந்து சூழ்ந்து, கையிலிருக்கும் காகிதங்களைப் பிடுங்குவது, ஒருவர் சொன்ன ஃபீஸை இன்னொருவர் குறைப்பது, சமயத்தில் தங்களுக்குள் கைகலப்பு வேறு. மாநில கவுன்சில் தண்டித்தது. மேல்முறையீட்டில் இந்திய பார் கவுன்சிலோ வழக்குப் பிடிப்பதைத் தடுக்கும் விதியின் வாசகத்தை எழுத்தெண்ணிப் படித்து அவர்களை விட்டுவிட்டது. 1975-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாசிப்பை ஏற்கவில்லை.

இன்னொருவர் உத்தரப் பிரதேசத்தில் 1971-இல் எதிராளியை முன்சீப் நீதிமன்றத்திலேயே கத்தியால் தாக்கினார். கொலை முயற்சிக்கு மூன்றாண்டுக் கடுங்காவல். அதை நிறுத்தி வைக்கும்படி கவர்னர் எழுதியதாக ஒரு கடிதம் வந்தது. விசாரித்தால் அது போலி. இப்பேர்ப்பட்டவருக்கு மாநில கவுன்சில் கொடுத்தது மூன்றாண்டுத் தடை. 1997-இல் உச்ச நீதிமன்றம்தான் பெயரையே நீக்கச் சொன்னது.

கவனித்தீர்களா? 1998 தீர்ப்பு கதவை முழுதாகச் சாத்திவிடவில்லை. மாநில கவுன்சில் முடிவின் மீது 60 நாளில் இந்திய பார் கவுன்சிலுக்கும், அங்கிருந்து 60 நாளில் உச்ச நீதிமன்றத்துக்கும் போகலாம். முதல் அடி வைக்கத்தான் நீதிபதிக்கு உரிமையில்லை. கடைசிச் சொல் அவருடையதே.

இந்த எல்லையைத் தாண்ட நம் சென்னை உயர் நீதிமன்றமே ஒருமுறை முயன்றது. 2016 மே மாதம் விதிகளைத் திருத்தி, நீதிபதியின் பெயரில் பணம் வாங்குவது, போதையில் நீதிமன்றத்துக்கு வருவது, நீதிமன்றத்துக்குள் ஊர்வலம் போவது போன்றவற்றுக்காக வழக்கறிஞர்களை வழக்காடாமல் தடுக்கும் அதிகாரத்தைத் தானே எடுத்துக்கொண்டது. தமிழகமெங்கும் போராட்டம், உயர் நீதிமன்ற முற்றுகை. நூற்றுக்கும் மேற்பட்ட வழக்கறிஞர்களை இந்திய பார் கவுன்சில் இடைநீக்கம் செய்தது. 2019 ஜனவரி 28 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை, 14-ஏ முதல் 14-டி வரை, செல்லாது என்று அறிவித்தது. அந்த விதிகள் பட்டியலிட்ட குற்றங்கள் கற்பனையல்ல என்பது நீதிமன்ற வளாகத்தில் பழகியவர்களுக்குத் தெரியும். ஆனாலும் தீர்ப்பு சரி என்றே நினைக்கிறேன். தன்னை எதிர்த்துப் பேசுபவனைத் தானே வெளியேற்றும் அதிகாரம் யார் கையிலும் இருக்கக் கூடாது.

இதன் மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். தீர்ப்புச் சொல்பவர்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் ஓட்டில் ஜெயித்தவர்கள். கத்தி வழக்கில் தெரிந்த தாராள மனசுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று கட்சிக்காரர் சந்தேகப்பட்டால் அவரைக் குறை சொல்ல முடியாது. காலதாமதம் இன்னொரு நோய். ஓராண்டுக்குள் மாநில கவுன்சில் முடிக்காவிட்டால் புகார் தானாகவே இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்கிறது சட்டம். அப்படிப் போய்க் குவிந்தவற்றைப் பார்த்து, சீக்கிரம் முடியுங்கள் என்று உச்ச நீதிமன்றம் 2021 டிசம்பரில் கெடு வைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

தோற்ற வழக்கெல்லாம் முறைகேடு ஆகாது. தவறான ஆலோசனையும், கெட்ட எண்ணமில்லாத வெறும் கவனக்குறைவும்கூடப் பெரும்பாலும் இந்த வரம்புக்குள் வருவதில்லை. கட்சிக்காரர் பணத்தைக் கையாடுவது, போலி ஆவணம், பொய் அத்தாட்சி, எதிர்த்தரப்போடு கைகோர்ப்பது போன்றவை வரும். ஃபீஸ் பாக்கி என்று வழக்குக் கட்டைத் திருப்பித் தராமல் வைத்துக்கொள்வதும் முறைகேடுதான் என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமே என்றால், வழக்கறிஞர் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14 அன்று தீர்ப்பாகிவிட்டது.

ஆகவே வக்காலத்தில் கையெழுத்துப் போடும் அன்றே ஒரு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கும் பணத்துக்கெல்லாம் ரசீது கேளுங்கள்; நல்ல வழக்கறிஞர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். என்றாவது பார் கவுன்சில் படியேற நேர்ந்தால், நடந்ததைத் தேதி வாரியாகத் தமிழிலேயே எழுதிக் கையெழுத்திட்டு, இந்தக் காகிதங்களை இணைத்துக் கொடுங்கள்.