ரயில் நிலையக் கடிகாரம் மறுபடி ஓட வேண்டுமானால்

லண்டனில் நொடி பிசகாமல் ஓடும் ஒரு பெண்டுலக் கடிகாரத்தை அப்படியே கப்பலேற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்து மாட்டினால், அது நாளொன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கும் சற்று அதிகமாகப் பின்தங்கும். கடிகாரத்தில் பழுது எதுவும் இருக்காது. மாறியது புவியீர்ப்பு. பூமி துருவங்களில் தட்டையாகவும் நடுக்கோட்டுப் பக்கம் புடைத்தும் இருக்கிறது. சுழலும் வேகமும் நடுக்கோட்டருகேதான் அதிகம். இவை இரண்டும் சேர்ந்து, சென்னையில் ஈர்ப்பை லண்டனில் உள்ளதைவிட ஆயிரத்தில் மூன்று பங்கு குறைத்துவிடுகின்றன. ஈர்ப்பு குறைந்தால் பெண்டுலம் மெதுவாக ஆடும். 1672இல் ஜான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் தென் அமெரிக்காவின் கயேனுக்குக் கொண்டுபோன கடிகாரம், பாரிஸில் ஓடியதைவிட நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. பூமி சரியான கோளம் அல்ல என்ற தன் முடிவுக்கு நியூட்டன் பிறகு இதையும் சான்றாகக் கொண்டார்.

பிரிட்டிஷ் காலத்து ரயில் நிலையங்களில் தொங்கிய ஆங்கிலச் சுவர்க் கடிகாரங்களுக்கும் இதே விதிதான். வட்ட மரச்சட்டம், வெள்ளை டயல், ரோமன் எண்கள், கீழே சிறு பெட்டிக்குள் ஆடும் சுமார் 25 சென்டிமீட்டர் பெண்டுலம். அந்த நீளத்தில் முக்கால் மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்தினால் போதும், லண்டன் கடிகாரம் சென்னைக்குப் பொருந்திவிடும். பெண்டுலக் குண்டின் அடியில் உள்ள சிறு திருகு இதற்காகத்தான்.

ரயிலுக்கு ஏன் இவ்வளவு துல்லியம்? ரயில் வருவதற்கு முன் ஒவ்வோர் ஊருக்கும் அதன் சூரியன் காட்டியதே நேரம். ஒரு பாகை கிழக்கே போனால் நான்கு நிமிட வித்தியாசம். பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கும் மேல். மாட்டுவண்டிக்கு இது பொருட்டல்ல. ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இங்கிலாந்தில் கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 1840இலேயே தன் தடம் முழுவதற்கும் லண்டன் நேரத்தை வைத்துக்கொண்டது. இந்தியாவில் அந்த இடத்தைப் பிடித்தது சென்னை. 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்த வானாய்வுக்கூடம் கணித்த நேரம், 1870களிலிருந்து ரயில்களின் பொது நேரமாகப் பரவியது. அது கிரீன்விச்சைவிட 5 மணி 21 நிமிடம் 14 நொடி முந்தியது. 1906 முதல் இந்தியப் பொது நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை நேரத்தில் ஓடிய கடிகாரம் ஒவ்வொன்றும் அதற்கு மாற 8 நிமிடம் 46 நொடி முன்னே தள்ளப்பட வேண்டியிருந்தது.

இப்படிப்பட்ட கடிகாரம் ஒன்று பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்து ரயில் அருங்காட்சியகத்துக்கு வந்து சேருகிறது என்று வைத்துக்கொள்வோம். பழுதுபார்ப்பவர் முதலில் எடுக்க வேண்டியது கேமராவை, திருப்புளி அப்புறம். மங்கிய டயலை வழித்து, புது வெள்ளை பூசிவிடலாம் என்ற ஆசை வரும். ஆனால் அந்தப் பூச்சுக்கு அடியில் இன்னொரு பூச்சும், அதற்கடியில் இன்னொரு பெயரும் இருக்கக்கூடும். தென்னிந்திய ரயில்வே 1874இல் உருவானது. மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வே 1908இல். இரண்டும் மைசூர் ரயில்வேயோடு சேர்ந்து 1951இல் தெற்கு ரயில்வே ஆயின. ஒவ்வொரு மாற்றத்திலும் நிலையப் பொருள்களின் மேல் எழுத்துகள் மாறின. பித்தளைத் தகட்டின் உட்புறத்திலும் தேட வேண்டும்: கடிகாரத்தைத் திறந்த ஒவ்வொரு மெக்கானிக்கும் தன் பெயரையும் தேதியையும் ஊசியால் கீறிவைப்பது பழைய வழக்கம். வேறெந்தப் பதிவேட்டிலும் அந்தப் பெயர்கள் இருக்காது.

அடுத்தது ஸ்பிரிங். சாவி கொடுத்த நிலையில் நின்றுபோன கடிகாரத்தின் தகடுகளைக் கழற்றினால், உள்ளே சுருண்டிருக்கும் எஃகுப் பட்டை ஒரே விநாடியில் விரிந்து பற்களை உடைக்கும், விரலையும் பதம்பார்க்கும். முதலில் அதன் விசையைச் சாவியால் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும்.

ஸ்பிரிங்குக்கு ஒரு குறை உண்டு. முழுதும் முறுக்கியபோது பலமாக இழுக்கும்; தளரத் தளர இழுவை குறையும். இதை நேர்செய்ய ஆங்கிலக் கடிகாரங்களில் ஃபியூசி என்ற கூம்பு இருக்கிறது. ஸ்பிரிங் உருளையிலிருந்து ஒரு சங்கிலியோ நரம்போ வந்து இந்தக் கூம்பின் சுருள் பள்ளத்தில் சுற்றிக்கொள்ளும். ஸ்பிரிங் வலுவாக இருக்கும்போது சங்கிலி கூம்பின் ஒடுங்கிய முனையை இழுக்கும். தளரும்போது அகன்ற அடியை இழுக்கும். இழுவை குறையும் அளவுக்கு நெம்புகோலின் நீளம் கூடுவதால், சக்கரங்களுக்குப் போகும் திருகு விசை, ஒருமுறை சாவி கொடுத்தால் ஓடும் எட்டு நாளும் ஏறக்குறைய ஒரே அளவில் நிற்கிறது.

சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தால் விசித்திரம் ஒன்று தெரியும். எஃகு அச்சுமுனை மென்மையான பித்தளைத் துளையில் சுழல்கிறது. பித்தளைதானே தேய வேண்டும்? அது தேய்ந்து துளை நீள்வது உண்மைதான். ஆனால் கடினமான எஃகும் பள்ளம் விழத் தேய்ந்திருக்கும். காற்றில் வந்த தூசியும் எஞ்சின் கரியும் எண்ணெயில் ஒட்டி, மெத்தென்ற பித்தளையில் பதிந்துவிடுகின்றன. பதிந்த பிறகு துளையின் சுவரே உப்புத்தாளாகி எஃகை அராவுகிறது. எனவே அச்சுமுனையைத் தேய்த்து மெருகேற்ற வேண்டும். நீண்டுபோன துளையில் புஷ் என்ற புதுப் பித்தளை வளையத்தை அடிக்க வேண்டும். நல்ல பணியாளர் தான் சேர்த்த உறுப்பில் தேதியைப் பொறிப்பார். எது பழையது, எது புதியது என்று பின்னால் வருபவருக்குத் தெரிய வேண்டும்.

கறுத்த பித்தளையைப் பளபளக்க வைக்க அம்மோனியா கலந்த திரவத்தில் ஊறவைப்பது பல பட்டறைகளில் வழக்கம். இதில் ஓர் ஆபத்து இருப்பதைக் காட்டியது இந்திய மழைக்காலம். பிரிட்டிஷ் படையினர் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள், யாரும் தொடாமலே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியா, காற்றின் ஈரம், உறையை உருவாக்கும்போது உலோகத்துக்குள் தங்கிய இறுக்கம் ஆகிய மூன்றும் கூடியதன் விளைவு அது என்று 1921இல் விளக்கப்பட்டது. சுத்தியால் தட்டிக் கடினமாக்கிய பழைய கடிகாரத் தகடுகளிலும் அதே இறுக்கம் உண்டு. அதனால் அருங்காட்சியகப் பணியில் பளபளப்பு இலக்கு அல்ல. அழுக்கு போனால் போதும்.

எண்ணெய் விடுவதிலும் கை அடக்கம் வேண்டும். அச்சுமுனைகளுக்கு ஒரு துளி, பெண்டுலத்தோடு அசையும் நங்கூர வடிவத் தாங்கிக்குச் சிறிது. சக்கரப் பற்கள் உலர்ந்தே இருக்க வேண்டும்.

பிறகு சுவரில் மாட்டி, காது கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த நங்கூரம் ஒரு பல்லை விடுவித்து அடுத்த பல்லைப் பிடிக்கிறது. பல் மோதும் ஓசைதான் ‘டிக்’. விடுபடும் முன் அந்தப் பல் பெண்டுலத்துக்கு ஒரு சிறு தள்ளலும் கொடுத்து, காற்றில் இழந்த ஆற்றலை ஈடுசெய்கிறது. இடைவெளிகள் சமமாக இல்லாமல் ஒன்று நீண்டும் ஒன்று குறுகியும் கேட்டால், பெண்டுலத்தின் இரு பக்க ஆட்டமும் நங்கூரத்தோடு பொருந்தவில்லை என்று பொருள். சில நாளில் கடிகாரம் நின்றுவிடும். அதைச் சரிசெய்த பின்பே நேரத்தைச் சரிபார்க்கலாம். வெப்பம் 10 டிகிரி கூடினால் எஃகுத் தண்டு நீண்டு நாளுக்கு 5 நொடி பின்தங்கும். அதற்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

இவ்வளவு உழைத்த பின் கடிகாரத்தை ஓடவிடலாமா? ஓடினால் தேயும், நிறுத்தினால் பார்வையாளருக்கு அதன் வேலை புரியாது. அரிய கைவேலைக் கடிகாரம் என்றால் நிறுத்திவைப்பதே நியாயம். நிலையக் கடிகாரம் நிறைய செய்யப்பட்ட பொருள், பலமுறை பழுதுபார்க்கப்பட்டது. வாரம் ஒருமுறை சாவி கொடுக்கவும், சில ஆண்டுக்கொருமுறை எண்ணெய் மாற்றவும், செய்ததை ஏட்டில் எழுதவும் ஒருவர் பொறுப்பேற்றால் அதை ஓடவிடலாம் என்பதே என் கருத்து. காய்ந்த எண்ணெயோடு ஓடுவது மட்டும் கூடவே கூடாது.

உங்கள் வீட்டில் பழைய சுவர்க் கடிகாரம் இருந்தால் தேங்காயெண்ணெயும் மண்ணெண்ணெயும் விடாதீர்கள். உங்கள் தாத்தாவோ அப்பாவோ ரயில்வேயில் இருந்தவர் என்றால் இன்னொரு வேண்டுகோளும் உண்டு. எந்த நிலையத்தில், எந்த அறையில், எந்தக் கடிகாரம் தொங்கியது, யார் சாவி கொடுத்தார் என்பதை எழுதி, படம் இருந்தால் அதோடு சேர்த்துப் பக்கத்து ரயில் அருங்காட்சியகத்துக்கு அனுப்புங்கள். உடைந்த பல்லைப் புதிதாகச் செய்துவிடலாம்; அந்தத் தகவலைச் செய்ய எந்தப் பட்டறையாலும் முடியாது.