ஒரே தையல்

கல்முனையை அடுத்த மருதமுனையின் கைத்தறிச் சாறனை நீங்கள் அறிவீர்கள். அது நைந்து கிழிந்தபின் என்ன செய்கிறீர்கள்?

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இனப் பெண்கள் அத்தகைய பழந்துணிகளை இணைத்துக் ‘கவந்தி’ என்னும் போர்வை தைக்கின்றனர். விளிம்பில் தொடங்கும் ஊசி, சுற்றிச் சுற்றி நடுவை அடைகிறது. கத்தோலிக்கப் பெண்கள் அதில் சிலுவையும் முஸ்லிம் பெண்கள் பிறையும் சேர்ப்பதுண்டு. தையலோ இருவருக்கும் ஒன்றே. மூலைகளில் ‘பூ’ எனப்படும் மடித்த துண்டுகள் இல்லையேல் போர்வை நிர்வாணமாம். எத்தகைய பரிவு!

யோப்பாவின் கைம்பெண்கள், தபித்தா இறந்தபின் அவர் செய்த ஆடைகளைப் பேதுருவிடம் காட்டி அழுதனர் (திப 9:39). நம் அயல்வீட்டு முஸ்லிம் சகோதரியின் கைவேலையை அவர் வாழும்போதே கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறீர்களா?