தனதல்லாத நிலத்துக்கு வாங்கிய ரூ.165 கோடி

ஹைதராபாத்தை ஒட்டி, ரங்காரெட்டி மாவட்டத்தில் நாதர்குல் என்றோர் ஊர். அங்கே 350 ஏக்கரில் ஒருங்கிணைந்த நகரியம் ஒன்றை உருவாக்க, பிரிவினைக்கு முந்தைய ஆந்திரப் பிரதேசத்தின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம் ஒப்பந்தப்புள்ளி கோரியது. யூனிடெக் நிறுவனம் வென்றது. 2007-08 காலத்தில் மொத்தம் ரூ.165 கோடி கட்டியது. 2008 ஆகஸ்ட் 19 அன்று வளர்ச்சி ஒப்பந்தம் கையெழுத்தானது. நகரியம் மட்டும் எழவில்லை. அந்த நிலம் அரசுடையதே அல்ல என்று வேறு சிலர் நடத்திவந்த உரிமை வழக்கு மேலே மேலே சென்று, 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்தில் அரசுக்கு எதிராக முடிந்தது. விற்ற கையில் நிலமே இல்லை என்பது அன்று உறுதியாயிற்று.

நிலம் இல்லையென்றால் பணத்தைத் திருப்பித் தரவேண்டியதுதானே என்று தோன்றும். அசலைப் பற்றிய சண்டை பெரிதல்ல. வட்டி எந்த நாளிலிருந்து ஓடும் என்பதில்தான் வழக்கே நின்றது. பணம் கட்டிய நாளிலிருந்தா, உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன நாளிலிருந்தா? இடையில் கிடப்பவை ஏறத்தாழ எட்டு ஆண்டுகள். ஹைதராபாத் உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018 அக்டோபரில் வட்டியோடு சேர்த்துத் திருப்பித் தரச் சொன்ன தொகை ரூ.660.55 கோடி. கட்டியதோ 165 கோடி. ஆண்டுகளுக்கு என்ன விலை என்பதை இந்த இரண்டு எண்களும் காட்டிவிடுகின்றன.

நில வளர்ச்சி ஒப்பந்தங்களில் ‘பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள்’ என்ற புகார் புதிதல்ல. பெரிய நிறுவனம் அரசைப் பார்த்துச் சொல்கிறது; இரண்டு கிரவுண்டு மனை வைத்திருப்பவர் கட்டுநரைப் பார்த்துச் சொல்கிறார்; கட்டுநர் மனைக்காரரைப் பார்த்துச் சொல்கிறார். நீதிமன்றத்துக்குள் போனதும் அந்தப் புகார் என்ன உருவம் எடுக்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் நாதர்குல் வழக்கின் அருமை புரியும்.

தெரிந்தே சொன்னதும் நம்பிச் சொன்னதும்

1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இரண்டு தவறுகளைத் தனித்தனியாக வைக்கிறது. உண்மையல்ல என்று தெரிந்தே ஒன்றை உண்மையென்று சொல்வது, உண்மையை முனைந்து மறைப்பது, நிறைவேற்றும் எண்ணமே இல்லாமல் வாக்குக் கொடுப்பது ஆகியவை 17-வது பிரிவின்படி மோசடி. தான் சொல்வது சரி என்று உள்ளபடியே நம்பி, ஆனால் அப்படி அடித்துச் சொல்லப் போதிய ஆதாரம் கையில் இல்லாமல் சொன்னால், அது 18-வது பிரிவின்படி தவறான எடுத்துரைப்பு. முன்னதில் ஏமாற்றும் மனம் இருக்கிறது. பின்னதில் அது இல்லை. கேட்டவருக்கு வரும் நட்டத்தில் மட்டும் வித்தியாசம் இல்லை.

‘இந்த இடத்துக்கு ஆறு மாடி அனுமதி கிடைத்தாகிவிட்டது’ என்று கட்டுநர் சொல்லி, விண்ணப்பமே போடவில்லை என்றால் அது முதல் வகை. ‘எங்கள் தாத்தா காலத்துச் சொத்து, வேறு யாருக்கும் பங்கில்லை’ என்று மனைக்காரர் மனதார நம்பிச் சொல்லி, பிறகு ஒரு அத்தையின் வாரிசுகள் வந்து நின்றால் அது இரண்டாவது வகை. ‘இந்தப் பக்கம் மெட்ரோ வந்தால் விலை எங்கேயோ போய்விடும்’ என்பது பெரும்பாலும் இரண்டிலும் சேராது, அது வெறும் கருத்து. நியூசிலாந்தில் ஆட்டுப் பண்ணைக்காக ஒரு நிலத்தை வாங்கியவர், 2,000 ஆடுகளை இந்த நிலம் தாங்கும் என்று விற்றவர் சொன்னது பொய்த்துவிட்டதாக வழக்காடினார். லண்டன் பிரிவி கவுன்சில் 1927-ல் அதை ஏற்கவில்லை. விற்றவர் அங்கே ஆடு வளர்த்ததே இல்லை, வாங்கியவருக்கும் அது தெரியும், ஆகவே அது ஒரு கணிப்புதான் என்றது. இந்திய வழக்கறிஞர்களும் இன்றுவரை அந்தத் தீர்ப்பைக் கையில் எடுக்கிறார்கள்.

பேசாமல் இருந்தால்? வெறும் மௌனம் பொதுவாக மோசடி ஆகாது. நில விற்பனையில் மட்டும் சட்டம் கூடுதல் கண்டிப்பு காட்டுகிறது. வாங்குபவர் சாதாரண கவனத்தோடு பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத குறை, விற்பவருக்குத் தெரிந்திருந்தால், அதைச் சொல்லியே ஆகவேண்டும் என்கிறது 1882-ம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 55-வது பிரிவு. உரிமையில் உள்ள குறையும் இதில் அடங்கும். சொல்லாமல் விட்டால் அதையே மோசடியாக அந்தப் பிரிவு கருதுகிறது.

ஏமாந்தவருக்கு ஒப்பந்தச் சட்டத்தின் 19-வது பிரிவு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒப்பந்தத்தைத் தள்ளிவிடலாம். அல்லது, சொன்னது உண்மையாக இருந்திருந்தால் நான் எந்த நிலையில் இருந்திருப்பேனோ அந்த நிலையில் என்னை வை என்று கேட்கலாம். ஆனால் எதிர்த்தரப்புக்கு அதே பிரிவில் ஒரு கேடயம் உண்டு. நம்பிச் சொன்ன தவறாக இருந்தாலோ, மௌனத்தால் நேர்ந்த மோசடியாக இருந்தாலோ, சாதாரண அக்கறையோடு விசாரித்து உண்மையைத் தெரிந்துகொள்ள உங்களுக்கு வழி இருந்திருந்தால் ஒப்பந்தத்தைத் தள்ள முடியாது. நில வழக்குகள் பலவும் இந்த இடத்தில்தான் சிக்குகின்றன. ‘வில்லங்கம் போட்டுப் பார்த்திருக்கலாமே’ என்ற ஒரு கேள்வி போதும், வாதி தடுமாறிப்போவார்.

வில்லங்கச் சான்றிதழ் எல்லாவற்றையும் காட்டும் என்ற எண்ணம் நம் ஊரில் ஆழமாக வேரூன்றிவிட்டது. அது பதிவான பரிவர்த்தனைகளின் பட்டியல், அவ்வளவுதான். பதிவாகாத உயில், வாய்மொழியாக நடந்த குடும்பப் பாகப்பிரிவினை, எங்கோ ஒரு நீதிமன்றத்தில் கிடக்கும் உரிமை வழக்கு இவை அதில் தெரியவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பட்டா வருவாய்த் துறைப் பதிவு. அது மட்டுமே உரிமைக்கு முடிவான சான்று ஆகாது என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. மூலப் பத்திரத்திலிருந்து சங்கிலி விடாமல் படிக்க ஒரு வழக்கறிஞருக்குக் கொடுக்கும் கட்டணத்தை மிச்சம் பிடிப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். பத்திரப்பதிவுச் செலவோடு வைத்துப் பார்த்தால் அது அற்பத் தொகை.

ஒரு ஷரத்து செய்த வேலை

நாதர்குல் வழக்கில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது ஒன்றைத்தான். பணத்தைத் திரும்பப் பெற, கழகம் தெரிந்தே பொய் சொன்னது என்று யூனிடெக் நிரூபிக்கவேண்டியிருக்கவில்லை. வளர்ச்சி ஒப்பந்தத்திலேயே அதற்கு ஷரத்து இருந்தது. நிலத்தைத் தரமுடியாமல் போனால், கட்டிய பணத்தைப் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கடன் வட்டி விகிதத்தோடு திருப்பித் தரவேண்டும்; வட்டி ஒவ்வொரு தொகையும் கட்டப்பட்ட நாளிலிருந்து கணக்கிடப்படும். மனதில் என்ன இருந்தது என்ற ஆராய்ச்சிக்கே அங்கு இடமில்லை. நிலம் வந்ததா, வரவில்லையா? வரவில்லை. அப்படியானால் பணத்தை எண்ணி வை.

மோசடி என்று வழக்குப் போடுபவர் சுமக்கும் பாரத்தைப் பார்த்தால் இந்த ஷரத்தின் மதிப்பு தெரியும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 6-வது ஆணை, 4-வது விதியின்படி, யார், எப்போது, என்ன சொன்னார்கள் என்று தேதியோடும் விவரத்தோடும் பிராதில் எழுதவேண்டும். ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்று பொதுவாக எழுதிய பிராதுகளை நீதிமன்றங்கள் மதிப்பதில்லை. பிறகு, அந்தப் பேச்சை நம்பித்தான் கையெழுத்துப் போட்டேன் என்றும் காட்டவேண்டும். மோசடி தெரியவந்த நாளிலிருந்து காலவரம்பும் ஓடத் தொடங்கிவிடும். ஒப்பந்தத்தை ரத்து செய்யக் கேட்க மூன்று ஆண்டுகள்தான். இவ்வளவு மலையையும் ஏறவேண்டிய வேலையை, முன்யோசனையோடு எழுதிய ஒரு பத்தி மிச்சப்படுத்தியது.

அப்படியிருந்தும் உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு தனி நீதிபதியின் உத்தரவைக் குறைத்தது. அசல் 165 கோடி சரி, வட்டி மட்டும் 2015 அக்டோபரிலிருந்துதான் என்றது. நிலம் அரசுடையது அல்ல என்பது அன்றுதானே முடிவானது என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கலாம். மேலோட்டமாக நியாயமாகவும் தோன்றும். ஆனால் 2007-லும் அந்த நிலம் அரசுடையதாக இருக்கவில்லை. தீர்ப்பு வந்த நாளில் அது கைமாறவும் இல்லை. அந்த எட்டு ஆண்டுகளும் 165 கோடி கழகத்திடம்தான் இருந்தது. அந்தக் காலத்து வட்டியைக் கழித்தால், உரிமை இல்லாத நிலத்தைக் காட்டி வாங்கிய பணத்தை வட்டியில்லாக் கடனாக அனுபவிக்கவிட்டதாக ஆகும்.

2021 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் டி.ஒய்.சந்திரசூட், எம்.ஆர்.ஷா அமர்வு இந்தக் குறைப்பை ஏற்கவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியபடி, பணம் கட்டிய நாட்களிலிருந்தே வட்டி என்றது.

அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு விஷயங்கள் தீர்ந்தன. யூனிடெக் போட்டது சாதாரண உரிமையியல் வழக்கல்ல, அரசியலமைப்பின் 226-வது கூறின்கீழ் ரிட் மனு. இது ஒப்பந்தத் தகராறு, அதிலும் நடுவர் மன்றத்துக்குப் போக ஷரத்து இருக்கிறது, ரிட் எப்படி வரும் என்ற ஆட்சேபம் எழுந்தது. ஒப்பந்தம் போட்டுவிட்டதால் அரசு அரசாக இல்லாமல் போய்விடாது. உண்மை விவரங்களில் பெரிய தகராறு இல்லாதபோது, தன்னிச்சையாக நடந்துகொள்ளும் அரசு அமைப்பை ரிட் மூலம் கேள்வி கேட்கலாம் என்று நீதிமன்றம் சொன்னது. 2003-லேயே வேறொரு வழக்கில் வகுத்த வழிதான் அது. மற்றொன்று மாநிலப் பிரிவினை. 2014 ஜூன் 2 அன்று தெலங்கானா பிறந்தது. நாதர்குல் அதன் பக்கம் வந்தது. புதிய மாநிலத்தின் தொழில் உள்கட்டமைப்புக் கழகம், இந்தக் கடனில் ஆந்திராவுக்கும் பங்குண்டு என்று வாதிட்டது. உங்கள் இருவரின் பாகப்பிரிவினை தீரும்வரை பணம் கட்டியவர் காத்திருக்கத் தேவையில்லை, நீங்கள் கொடுத்துவிட்டுப் பிறகு உங்களுக்குள் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள் என்பதே விடையாக வந்தது.

மனைக்காரர் நிலை

கோடிகள் புரளும் ஒப்பந்தத்தில் தேர்ந்த சட்டக் குழுக்கள் இருபுறமும் உட்கார்ந்து ஷரத்து எழுதுகின்றன. பழைய வீட்டை இடித்துக் கூட்டு வளர்ச்சிக்குக் கொடுக்கும் ஓய்வூதியர் முன்னால் வைக்கப்படுவதோ பெரும்பாலும் கட்டுநர் அச்சடித்து வைத்திருக்கும் படிவம். அதோடு சேர்த்து ஒரு பொது அதிகாரப் பத்திரமும். பிரிபடாத பங்கை விற்கும் அதிகாரம் கட்டுநர் கைக்குப் போகிறது. வீடு தாமதமானால் என்ன என்பது ஓரிரு மங்கலான வரிகளில் முடிந்துவிடுகிறது.

இவர்களுக்கு உச்ச நீதிமன்றம் 2008-ல் ஒரு கதவைத் திறந்தது. டெல்லி கைலாஷ் காலனியில் மனை வைத்திருந்த ஒருவர், தரைத்தளம் தனக்கு, மேல்தளங்கள் கட்டுநருக்கு என்று ஒப்பந்தம் செய்திருந்தார். கட்டி முடித்ததில் குறைகள், நிறைவுச் சான்றிதழும் வரவில்லை. இது கூட்டுத் தொழில், நீங்கள் பங்காளி, நுகர்வோர் அல்ல என்றது கட்டுநர் தரப்பு. ‘கூட்டு’ என்று தலைப்பில் எழுதிவிட்டதால் கூட்டுத் தொழில் ஆகிவிடாது. நிர்வாகத்தில் பங்கில்லை, லாப நட்டத்தில் பங்கில்லை, நிலத்தைக் கொடுத்து வீடு கட்டும் சேவையை வாங்கியிருக்கிறார், எனவே அவர் நுகர்வோரே என்றது நீதிமன்றம். மனைக்காரர்கள் உரிமையியல் நீதிமன்றத்துக்கு மட்டும் போய்க்கொண்டிருக்க வேண்டியதில்லை என்பது அதன் பலன்.

அடுக்குமாடியில் வீடு வாங்குபவர்களுக்கு 2016-ம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் இருக்கிறது. விளம்பரத்திலோ கையேட்டிலோ சொன்ன பொய்யை நம்பிப் பணம் கட்டியவர், 12-வது பிரிவின்படி இழப்பீடு கேட்கலாம் அல்லது முழுப் பணத்தையும் வட்டியோடு வாங்கிக்கொண்டு வெளியேறலாம். நிலத்தின் உரிமையிலேயே குறை இருந்து நட்டம் வந்தால் 18-வது பிரிவு இழப்பீடு தருகிறது. அந்தக் கோரிக்கைக்குக் காலவரம்பே கிடையாது. உரிமைக் குறை பல ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்து பிறகு தலைதூக்கும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்திருந்தார்கள்.

நாதர்குல் தீர்ப்பு வந்தபோது யூனிடெக்கின் பழைய நிர்வாகம் பொறுப்பில் இல்லை. வீடுகளுக்குப் பணம் வாங்கிக்கொண்டு கட்டித் தராத புகார்களில் அந்த நிறுவனமே சிக்கியிருந்தது. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி மத்திய அரசு நியமித்த இயக்குநர் குழு அதன் நிர்வாகத்தை ஏற்றது. அரசிடம் பணம் கட்டிவிட்டு நிலத்துக்காக யூனிடெக் காத்திருந்த அதே ஆண்டுகளில், யூனிடெக்கிடம் பணம் கட்டியவர்கள், வங்கிக்கு மாதத் தவணையும் குடியிருந்த வீட்டுக்கு வாடகையும் சேர்த்துச் செலுத்தியபடி, தங்கள் வீட்டுச் சாவிக்காகக் காத்திருந்தார்கள்.