விளையாட்டுச் சொல்லின் விலை

வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் கைப்பேசியும் காதுமாக அமர்ந்து இணைய விளையாட்டில் மூழ்கியிருக்கும் இளைஞர்களின் பேச்சு, வீட்டிலுள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் விளங்குவதில்லை. "சீக்கிரம் லூட் பண்ணு", "நூப் மாதிரி ஆடாதே", "அந்தத் துப்பாக்கியை நெர்ஃப் பண்ணிட்டாங்க" என்று அது நீள்கிறது. மொழி சீரழிகிறது என்று வருந்துவோர் ஒருபுறம். பொருளற்ற கூச்சல் என்று ஒதுக்குவோர் மறுபுறம். இரண்டுமே சரியன்று. இச்சொற்களுக்குப் பிறப்பிடமும் வரலாறும் உண்டு. அதை அறிந்துகொள்வது மொழி ஆர்வலர்களைவிடப் பெற்றோருக்கே அதிகம் பயன்படும்.

வடசென்னைக்கு இத்தகைய கலப்புப் பேச்சு புதிதன்று. பேஜார், பேமானி, கலீஜ், நாஸ்தா ஆகியவை உருது வழியாக வந்த பாரசீக, அரபுச் சொற்கள். துட்டு என்பது டச்சுக்காரர்களின் 'டொய்ட்' என்னும் செப்புக் காசின் பெயர். அவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் எண்ணூருக்கு வடக்கே பழவேற்காட்டில் கோட்டை கட்டி வணிகம் செய்தவர்கள். திருவொற்றியூரை ஒட்டிய காலடிப்பேட்டையின் பெயரில் இருப்பது காலடி அன்று. 1717 முதல் 1720 வரை சென்னையின் ஆளுநராக இருந்து, அங்கே நெசவாளர்களைக் குடியமர்த்திய ஜோசப் காலெட்டின் பெயர். கம்பெனி ஏற்றுமதி செய்த துணியை வெளுத்துக் கொடுத்தவர்களின் குடியிருப்பே வண்ணாரப்பேட்டை. பல மொழி பேசுவோர் ஓரிடத்தில் கூடி, விரைந்து முடிக்க வேண்டிய வேலையில் ஈடுபடும்போது, எந்த மொழியின் சொல் கைக்கு அகப்படுகிறதோ அதுவே பொதுச்சொல் ஆகிவிடுகிறது. அதனுடன் 'பண்ணு' சேர்ந்தால் தமிழ் வினை தயார். 'பேஜார் பண்ணாதே' என்ற அதே இலக்கணத்தில்தான் இன்று 'லூட் பண்ணு' என்கிறார்கள்.

இணைய விளையாட்டும் ஒரு துறைமுகம்தான். இன்று நம் இளைஞர்கள் ஆடுவது பெரும்பாலும் சுடும் ஆட்டங்கள் என்றாலும், அவற்றின் சொற்களஞ்சியம் வேறோர் இடத்திலிருந்து வந்தது. ஒருவர் வீரனாகவோ மந்திரவாதியாகவோ வேடமேற்று, பலரோடு சேர்ந்து ஒரு கற்பனை உலகில் வாழும் பாத்திர விளையாட்டுகளே அதன் தாயகம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னேசனும் வெளியிட்ட 'டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் மேசை விளையாட்டு இதன் முன்னோடி. 1978-இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழக மாணவர்களான ராய் டிரப்ஷாவும் ரிச்சர்டு பார்ட்டிலும் உருவாக்கிய 'மட்' என்னும் கணினி ஆட்டம், தொலைவில் இருந்தவர்களையும் ஒரே உலகில் கூட்டியது.

அங்கே பேச்சு முழுவதும் தட்டச்சில்தான். பூதம் பாய்ந்து வரும்போது நீண்ட வாக்கியம் எழுத நேரம் ஏது? சொற்கள் சுருங்கின. தானே நடமாடும் எதிரிகளைக் குறித்த 'மொபைல்' என்ற சொல் 'மாப்' ஆயிற்று. புதியவரைக் குறிக்கும் 'நியூபி' தேய்ந்து 'நூப்' ஆகி, ஏளனச் சொல்லாயிற்று. 'நெர்ஃப்' என்பது 1970-ஆம் ஆண்டு வாக்கில் அமெரிக்கக் கடைகளுக்கு வந்த மென்பஞ்சுப் பொம்மையின் வணிகப் பெயர். 1997-இல் வெளிவந்த 'அல்டிமா ஆன்லைன்' ஆட்டத்தில் வாள்களின் வலிமையை நிறுவனம் குறைத்தபோது, பஞ்சு வாளால் அடிப்பதுபோல் இருக்கிறது என்று ஆட்டக்காரர்கள் நொந்துகொண்டனர். அந்த முணுமுணுப்பே கலைச்சொல்லாகிவிட்டது.

இவற்றுள் சில, நம்மிடமிருந்து கப்பலேறிச் சென்று திரும்பியவை. 'லூட்' வடஇந்திய மொழிகளில் கொள்ளையைக் குறிக்கும் சொல். வடமொழி வேரில் பிறந்தது. கம்பெனியார் இந்நாட்டின் செல்வத்தோடு அச்சொல்லையும் எடுத்துச் சென்றனர். 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலத்தில் நுழைந்த அது, இன்று வீழ்த்தப்பட்ட எதிரியிடமிருந்து எடுக்கும் பொருளின் பெயராக நம் பிள்ளைகளின் வாய்க்கே மீண்டிருக்கிறது. திரையில் ஆட்டக்காரரின் உருவமாகத் தோன்றும் 'அவதார்' நாம் நன்கறிந்த அவதாரமே. 1985-இல் வெளியான 'அல்டிமா 4' ஆட்டமும், அதையடுத்து லூகாஸ்ஃபிலிம் உருவாக்கிய 'ஹாபிடாட்' ஆட்டமும் அதைக் கணினி உலகுக்குக் கொண்டுசென்றன.

பொருளியல் படித்தவரை வியக்க வைப்பது மூன்றாவது வகைச் சொற்கள். ஒரே செயலை மணிக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்து முன்னேறுவதற்கு 'கிரைண்ட்' என்று பெயர். நாம் அரைத்த மாவையே அரைப்பது என்போமே, அதே உவமை. ஒரே இடத்தில் மீண்டும் மீண்டும் முளைக்கும் எதிரிகளை அறுவடை செய்வது 'ஃபார்ம்'. பொழுதுபோக்குக்கு வந்தவர்கள் தம் செயலுக்கு ஆலையிலிருந்தும் வயலிலிருந்தும் பெயர் எடுத்தது தற்செயல் அன்று. அவர்கள் செய்தது உழைப்புதான். கொல்லப்படும் ஒவ்வொரு பூதமும் வெறுமையிலிருந்து பொற்காசை உதிர்க்கிறது. அக்காசு வெளியேற வழியில்லாதபோது விலைவாசி ஏறுகிறது. இதற்கு, 'மட்' என்பதையும் பணவீக்கத்தின் ஆங்கிலப் பெயரையும் இணைத்து 'மட்ஃபிளேஷன்' என்று பெயரிட்டவர்கள் ஆட்டக்காரர்கள். பணப்புழக்கம் பற்றிய பாடத்தை அவர்கள் பட்டறிவால் கற்றார்கள்.

2001-இல் எட்வர்டு காஸ்ட்ரோனோவா என்ற அமெரிக்கப் பொருளியல் அறிஞர் 'எவர்குவெஸ்ட்' ஆட்டத்தின் கற்பனை உலகை ஒரு நாடாகக் கொண்டு கணக்கிட்டார். அதன் தனிநபர் தேசிய உற்பத்தி 2,266 டாலர். அப்போதைய ரஷியாவுக்கும் பல்கேரியாவுக்கும் இடைப்பட்ட நிலை. ஆட்டக்காசை உண்மையான டாலருக்கு விற்கும் சந்தை அதற்குள் உருவாகியிருந்தது. சீனாவில் கூலிக்கு ஆடிப் பொற்காசு சேர்ப்போர் 'கோல்டு ஃபார்மர்' எனப்பட்டனர். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு ஹீக்ஸ் 2008-இல் இத்தகையோர் ஏறத்தாழ 4 லட்சம் பேர் என்றும், அவர்களின் சராசரி மாத வருவாய் 145 டாலர் என்றும் மதிப்பிட்டார். வேளாண்மையின் பெயரைச் சூடிய இத்தொழிலில், உழைத்தவருக்குக் கிடைத்தது கூலி. ஆடியவருக்குக் கிடைத்தது நேர மிச்சம்.

இதுவரை சொன்னவை ஆட்டக்காரர்கள் உருவாக்கிய சொற்கள். உள்ளதை உள்ளபடி காட்டியவை. அண்மைக்காலச் சொற்கள் பலவற்றின் இயல்பு வேறு. அவை விற்பவரின் பக்கத்திலிருந்து வந்தவை. 'கச்சா' என்பது ஜப்பானியக் கடைகளில் காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மையை உதிர்க்கும் இயந்திரத்தின் ஒலிக்குறிப்பு. எது கிடைக்கும் என்று தெரியாமலே பணம் செலுத்தும் அதே முறை மேலை நாடுகளில் 'லூட் பாக்ஸ்' ஆயிற்று. ஒரு காலத்தில் கொள்ளையடித்தவரின் சொல்லாக இருந்தது, இன்று காசைப் பறிகொடுப்பவர் வாங்கும் பெட்டியின் பெயர். அளவின்றிச் செலவிடும் ஆட்டக்காரரை நிறுவனங்கள் தமக்குள் 'திமிங்கிலம்' என்கின்றன. அச்சொல் வந்தது சூதாட்ட விடுதிகளிலிருந்து.

ஆட்டத்துக்குள் ரூபாய் என்ற சொல்லே பெரும்பாலும் இல்லை. ஓர் ஆட்டத்தில் அது 'யூசி', இன்னொன்றில் 'டைமண்ட்'. துட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் கை மடியைத் தடவிப் பார்க்கும். 'டைமண்ட்' என்றால் அந்த எச்சரிக்கை எழுவதில்லை. பெயர் மாறியதும் விலை மறந்துபோகிறது. அதற்காகவே பெயர் மாற்றப்படுகிறது.

தமிழ்நாடு 2022-இல் இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தை இயற்றியது. நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடைசெய்தது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால், பொதுவெளி விவாதம் பெரும்பாலும் ரம்மியையும் போக்கரையும் சுற்றியே நிகழ்ந்தது. வெல்லும் பரிசு பணமாக இல்லாமல் ஒரு சட்டையாகவோ துப்பாக்கியின் வண்ணமாகவோ இருக்கும்போது என்ன செய்வது? பெல்ஜியம் 2018-இல் பணம் கொடுத்து வாங்கும் லூட் பாக்ஸைச் சூதாட்டம் என்று அறிவித்தது. கச்சாவின் ஒரு கடுமையான வடிவத்தை ஜப்பான் 2012-இலேயே தடுத்தது. எந்தப் பொருள் கிடைக்க எவ்வளவு வாய்ப்பு என்பதை வெளியிட வேண்டும் என்று சீனா 2017-இல் விதித்தது. விலையை ரூபாயிலும் வாய்ப்பை விழுக்காட்டிலும் திரையிலேயே காட்ட வேண்டும் என்ற விதியையாவது இங்கே கொண்டுவரலாம்.

சட்டம் வரும்வரை வீடு காத்திருக்க வேண்டியதில்லை. "எப்போது பார்த்தாலும் என்ன விளையாட்டு?" என்று கேட்டால் பிள்ளையிடமிருந்து பதில் வராது. "இந்த மாதம் எத்தனை யூசி வாங்கினாய்? ரூபாயில் அது எவ்வளவு?" என்று அவன் மொழியிலேயே கேட்டால் வரக்கூடும். பல நாட்டுக் காசுகளையும் பல மொழிச் சொற்களையும் கைமாற்றிப் பழகிய ஊர் இது. எந்தக் காசுக்கு என்ன மதிப்பு என்று கேட்டு வாங்கும் வழக்கத்தை இந்தப் புதிய சந்தையிலும் நாம் கைவிடலாகாது.