முட்டைக்குப் பின்னால் ஒரு பல்பு!

(இரண்டாம் ஆண்டு, மின்னியல் துறை)



"கோழிப் பண்ணையில ராத்திரி மூணு மணிக்கு எதுக்குடா லைட்டு எரியுது? கோழி என்ன பரீட்சைக்கா படிக்குது?" என்று, நாமக்கல் பக்கத்துக்காரனான என்னை விடுதியில் கேலி செய்யாதவர்கள் கிடையாது. அந்தக் கேள்விக்கு இந்த மலரில் பதில் சொல்லிவிடுகிறேன்.

பகலே நாட்காட்டி

பறவைக்குப் பகலின் நீளம்தான் காலண்டர். 1920-களில் கனடாவின் எட்மன்டன் நகரில் வில்லியம் ரோவன் என்ற பேராசிரியர், கடுங்குளிர் காலத்தில் ஜங்கோ என்னும் சிறு குருவிகளைக் கூண்டில் வைத்து, மின்விளக்கால் பகலைக் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினார். வெளியே உறைபனி. ஆனால் குருவிகளின் இனப்பெருக்க உறுப்புகளோ வசந்தம் வந்துவிட்டதுபோல வளர்ந்துவிட்டன!

1930-களில் பிரான்சு நாட்டு விஞ்ஞானி ழாக் பெனுவா இன்னொரு அதிசயத்தைக் கண்டார். பார்வை இல்லாத வாத்துகளும் வெளிச்சத்துக்கு ஏற்ப மாறின. ஏனென்றால் ஒளியை உணரும் செல்கள் பறவையின் மூளைக்குள்ளேயே, ஹைப்போதலாமஸ் பகுதியில் இருக்கின்றன. அங்கிருந்து பிட்யூட்டரி சுரப்பிக்குச் செய்தி போகிறது. பிட்யூட்டரியின் ஹார்மோன்கள் முட்டைப்பையை இயக்குகின்றன. நம் ரிலே சர்க்யூட் மாதிரிதான்!

எந்த நிறம்?

டார்ச் லைட்டை விரல்களில் அழுத்திப் பிடித்துப் பாருங்கள். மறுபக்கம் தெரிவது சிவப்புதான். நீண்ட அலைநீளம் கொண்ட சிவப்பொளி தோலையும் எலும்பையும் ஊடுருவி மூளையைத் தொடுகிறது. நீலமும் பச்சையும் அவ்வளவு தூரம் போவதில்லை. ஆகவே முட்டைக்கோழிக்குச் சிவப்பு கலந்த வெளிச்சம் நல்லது. நீல வெளிச்சத்தில் கோழிகள் அமைதியாக இருக்கும்.

எவ்வளவு வெளிச்சம்?

கூண்டுத் தீவனத்தொட்டி மட்டத்தில் 10 முதல் 20 லக்ஸ் போதும் என்பது பொதுவான கணக்கு. அதிகமானால் கோழிகள் ஒன்றையொன்று கொத்தி இறகு பிடுங்கும். பல்பின் உயரத்தை இரண்டு மடங்காக்கினால் வெளிச்சம் நான்கில் ஒன்றாகிவிடும் என்று நாம் வகுப்பில் படித்தது இங்கே அப்படியே உதவும். ஒன்றை மறக்கக்கூடாது: லக்ஸ் மனிதக் கண்ணுக்கான அளவு. கோழிக்குப் புற ஊதாக் கதிரும் தெரியும்.

எத்தனை மணி நேரம்?

நாமக்கல்லில் இயற்கைப் பகல் ஏறக்குறைய பதினொன்றரை மணியிலிருந்து பன்னிரண்டே முக்கால் மணி வரை. முட்டைக்கோழிக்குச் சுமார் 16 மணி தேவை. மீதியை விளக்குதான் தர வேண்டும். பண்ணையின் தங்க விதி இது: வளரும் பருவத்தில் பகலைக் கூட்டாதே, முட்டையிடும் பருவத்தில் பகலைக் குறைக்காதே!

இந்த விதியின் அருமை எங்கள் பெரியப்பாவின் பண்ணையில்தான் எனக்குப் புரிந்தது. முட்டை திடீரென்று குறைந்தது. தீவனத்தை மாற்றினார், மருந்து கொடுத்தார், பலனில்லை. "கடன்காரன் வாசல்ல நிக்கறான், கோழி மட்டும் ஸ்டிரைக் பண்ணுது" என்று புலம்பினார். விடுமுறைக்குப் போன நான் டைமரைப் பார்த்தேன். பேட்டரி இல்லாத டைமர். கரண்ட் போகும்போதெல்லாம் அதுவும் நின்று, இரண்டு மணி நேரம் பின்தங்கியிருந்தது. அதிகாலை இரண்டரைக்கு எரிய வேண்டிய விளக்கு நாலரைக்கு எரிந்தது. 16 மணிப் பகல் 14 ஆகிவிட்டது. "இலையுதிர்காலம் வந்தாச்சு" என்று கோழி நினைத்துக்கொண்டது! பேட்டரி உள்ள டைமர் மாட்டினோம். சில வாரங்களில் முட்டைத் தட்டுகள் மறுபடி நிறையத் தொடங்கின.

இப்போது குண்டு பல்பைக் கழற்றி எல்.இ.டி. போடுகிறார்கள். மின்சாரம் மிச்சம்தான். ஆனால் கூல் ஒயிட்டில் நீலம் அதிகம், சிவப்பு குறைவு. வார்ம் ஒயிட், அதுவும் மினுக்காத தரமான டிரைவர் உள்ளதாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.

நண்பர்களே, வாட் கணக்கும் டைமர் இணைப்பும் நமக்கு மதிப்பெண்ணோடு முடிந்துபோகலாம். பண்ணைக்காரருக்கு அதுவே அன்றாடச் சோறு. விடுமுறையில் ஊருக்குப் போனால், பக்கத்துப் பண்ணை டைமரின் நேரத்தை உங்கள் கைக்கடிகாரத்தோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்களேன்!