காற்றும் கதிரும் நிலமும்

காற்று வீசாத ஊர் இல்லை. கதிரவன் காயாத நிலமும் இல்லை. ஆயினும் எல்லா இடத்துக் காற்றும் மின்விசை ஆக்குதற்கு ஏற்றதன்று. ஆகவே காற்றாலைகளையும் கதிர்மின் தகடுகளையும் நிறுவுமுன், எங்கே எவ்வளவு ஆற்றல் உளது என்று அளந்து நிலப்படம் வரைதல் வேண்டும்.

இந்திய நாட்டில் இப்பணிக்கு அடிகோலியவருள் தலைசிறந்தவர் அன்னா மாணி அம்மையார். 1918இல் பீர்மேட்டில் பிறந்த இவர், சென்னை மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்று, சர் சி. வி. இராமனிடம் ஆராய்ச்சி பயின்று, வானிலைத் துறையில் அமர்ந்தார். 1957-58இல் உலக நாடுகள் கூடி நடத்திய புவி இயற்பியல் ஆண்டின்போது, கதிரவனின் கதிர்வீச்சை அளக்கும் நிலையங்களை நாட்டின் பல பகுதிகளில் அமைத்தார். அவ்வளவுகள் 1980இலும் 1981இலும் நூல்களாக வெளிவந்தன. ஓய்வு பெற்ற பின்னரும் காற்றளவைப் பணியை அவர் விட்டாரல்லர்.

காற்றை அளப்பதில் ஒரு நுட்பம் உண்டு. அதன் வேகம் இருமடங்கானால் ஆற்றல் எண்மடங்காகும். ஆகையால் வேகத்தில் நேரும் சிறு பிழை கணக்கில் பெரும் பிழையாக விளையும். நம் முன்னோர் திசைநோக்கித் தென்றல், வாடை, கொண்டல், கோடை எனக் காற்றுக்குப் பெயரிட்டனர். அவற்றுள் மேல்திசைக் காற்றாகிய கோடையே தமிழ்நாட்டுக் காற்றாலைகளைப் பெரிதும் சுழற்றுவது. ஆரல்வாய்மொழி, செங்கோட்டை, பாலக்காடு ஆகிய கணவாய்களுள் அது புகுங்கால், ஏரிநீர் மதகிற் பாய்வதுபோல் விரைகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் செறிந்து நிற்பதன் காரணம் இதுவே.

சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் காற்றாற்றல் நிறுவனம், 50 மீட்டர் உயரத்தில் நாட்டின் காற்றாற்றல் ஏறத்தாழ 49,000 மெகாவாட் என முன்னர்க் கணித்தது. 100 மீட்டர் உயரத்திற்கு 2015இல் கணித்தபோது அது 3,02,000 மெகாவாட் ஆயிற்று. உயரம் கூடியதோடு நிலக்கணக்கும் மாறியது. தரிசில் நூற்றுக்கு 80 பங்கும், விளைநிலத்தில் 30 பங்கும், காட்டில் 5 பங்கும் கிடைக்கும் என்று கொண்டனர். கதிர்மின் கணக்கோ, தரிசில் நூற்றுக்கு 3 பங்கு கிடைப்பின் 7,48,000 மெகாவாட் ஆக்கலாம் என்றது.

2016இல் இராமநாதபுரம் மாவட்டத்துக் கமுதியில் அமைந்த 648 மெகாவாட் நிலையம் ஏறத்தாழ 2,500 ஏக்கர் கொண்டது. ஒரு மெகாவாட்டுக்கு நான்கு ஏக்கர் ஆயிற்று. காற்றாலைகளின் இடையே உழலாம், ஆடு மேய்க்கலாம். நெருக்கமாகப் பரப்பிய தகடுகளின் கீழ் அஃது அரிது.

இங்கே தரிசு என்னும் சொல்லை ஆராய்தல் வேண்டும். செயற்கைக்கோள் எடுத்த படத்தில் வெறிதாகத் தோன்றும் நிலம் ஊரார்க்கு வெறிதன்று. மழைக்குப்பின் அவர்தம் ஆடுகள் மேய்வதும், அடுப்புக்கு விறகு பொறுக்குவதும், கண்மாய்க்கு நீர் ஓடிவருவதும் அத்தகைய நிலத்திலேதான். பண்டைத் தமிழ்ப் புலவர் நிலத்தை வகுத்தபோது, அதில் வாழும் மக்களையும் விலங்கையும் தொழிலையும் கருப்பொருள் எனச் சேர்த்தே எண்ணினர். பாலைக்கும் எயினர் உண்டு. மக்களற்ற திணையை அவர் வகுத்திலர். இக்காலப் படம் வரைவோரும் ஊருக்குள் சென்று ஆயரைக் கேட்டு எழுதினால் குறை என்ன?

நிலமே வேண்டாத இடம் ஒன்றும் உண்டு, அது கூரை. சென்னையின் மேற்குப் பகுதியில் முகப்பேர் போன்ற இடங்களில் மொட்டைமாடிகள் வெயிலில் வாளா காய்கின்றன. ஒரு கிலோவாட்டுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி போதும். ஐந்நூறு வீட்டார் வீட்டுக்கு இரண்டு கிலோவாட் அமைப்பின் ஒரு மெகாவாட் ஆம். எங்கோ நான்கு ஏக்கர் மேய்ச்சல் நிலம் தப்பும். பெருநிலையங்களுக்கு இவை முழு மாற்று ஆகா என்பது மெய்யே. கூரைக்கும் அளவை வேண்டும். சென்னையில் ஏப்ரல் இறுதி முதல் ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகற் சூரியன் வடபால் நிற்கும். ஏனைய மாதங்களில் தென்பால் சாயும். ஆதலின் தெற்கே உயர்ந்த வீடோ நீர்த்தொட்டியோ இருப்பின், அதன் நிழல் எதுவரை நீளும் என்பதை மார்கழி மாதத்தில் அளந்து குறித்த பின்னரே தகடுகளைப் பொருத்துவர்.